பிணைக்குப் போன தம்பி

விடிந்ததிலிருந்து மலைப்பக்கம் சாவுக்கொட்டு கேட்டுக்கொண்டிருந்தது. சிவனணைஞ்சானுடைய வலது மேல்காதும் அதற்குத் தோதாக விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் எது கொட்டு, எது காது என்று பிரிபடவில்லை. திறந்தால் கூடாரத்துத் துணியும், நடுக்கம்பமும், வாசலில் நிற்கிற காவல்காரனின் கணுக்காலும்தான் தெரிந்தன. அந்தக் கணுக்காலைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. நெல்லிமலைப் பாளையத்தில் யாரோ செத்திருக்கிறார்கள். யார் செத்தால் நமக்கென்ன என்று இருந்துவிடலாம்தான், ஆனால் அந்தப் பாளையத்தின் வாக்குக்குப் பிணையாகச் சர்தாரின் முகாமில் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்ட ஆள் இவன். கீழைக்கோட்டையைப் பிடிக்க வடக்கேயிருந்து வந்திருக்கிற படைக்கு நெல்லிமலை வீரபாகுத் தேவர் கணவாயைத் திறந்துவைப்பார், நெல்லும் வைக்கோலும் தருவார், மாறினால் தம்பியின் தலையை எடுத்துக்கொள்ளலாம். அதுதான் பேச்சு. தம்பி என்றால் இவன். பேச்சு நடந்தபோது இவனும் பக்கத்தில்தான் நின்றான். தலை என்று சொல்லப்பட்டதும் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவை இவன் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள். முண்டாசு சரியாக இருக்கிறதா என்று இவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் மனிதனுக்கு முண்டாசா முக்கியம்.

கொட்டு போதாதென்று மாடு பூட்டுகிற சத்தம் வேறு. முகாமில் மாடுகளைக் காலையில் மேய்ச்சலுக்குத்தான் ஓட்டுவார்கள், நுகத்தடியில் பூட்டமாட்டார்கள். இன்றைக்கு நுகத்தடி கிறீச்சிடுகிறது, யாரோ துலுக்குப் பாஷையில் அதட்டுகிறார்கள், கூடார முளைகளைப் பிடுங்குகிற சத்தம் ஒவ்வொன்றாக இங்கே நெருங்கி வருகிறது. புறப்படுகிறார்களா. கோட்டை மதிலில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் புறப்படுகிறார்கள் என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும், ஆனால் அந்த ஒன்றை மட்டும் நினைக்கக் கூடாது என்று அவன் மற்றதையெல்லாம் நினைத்தான். ஆனைக்கல் பாளையத்தை நினைத்தான். சர்தார் பக்கம் சேர்ந்த மூன்று பாளையத்தில் அவர்கள்தான் முதலில் கழன்றவர்கள். ஜெயித்த பிறகு தருவதாகச் சொன்ன ஆற்றங்கரை ஊர்களைச் சர்தார் புளியந்துறைக்காரருக்கும் சேர்த்தே சொல்லிவைத்திருந்தது வெளியே தெரிந்துபோனது. ஒரே பெண்ணை இரண்டு மாப்பிள்ளைக்குப் பேசினால் என்ன ஆகும். ஆனைக்கல் கோபித்துக்கொண்டு கோட்டையோடு சேர்ந்தது, ஆனைக்கல் போனபிறகு தனியாக நிற்கப் பயந்து புளியந்துறையும் போனது. அப்புறம் மிச்சம் நெல்லிமலை. மாட்டுக்கு வைக்கோலும் மனிதனுக்கு நெல்லும் கணவாய் வழியாக மட்டும் வந்துகொண்டிருந்தன. அந்த வைக்கோல் வண்டி வரவில்லை. நேற்றும் வரவில்லை, அதற்கு முந்தின நாளும் வரவில்லை. மழை என்று காவல்காரன் கையைக் காட்டிச் சொன்னான். எங்கே மழை, மலை முழுக்கக் காய்ந்து கிடக்கிறதே. இதோ, நினைக்கக் கூடாததில்தான் வந்து நிற்கிறது, எந்தப் பக்கம் ஓட்டிவிட்டாலும் கொட்டிலுக்கே திரும்புகிற மாடு மாதிரி இந்த மனசு.

காதைத் தொடக் கூடாது. தொட்டால் சீழ் வரும், வந்தால் முகாம் நாவிதன் வேப்பெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு நாக்கைச் சொடுக்குவான். தொட்டான். வளையம் சூடாக இருந்தது. நல்ல பசும்பொன் வளையம், தேவர் வீட்டுப் பிள்ளை என்பதற்கு அடையாளம். தாலி கட்டிய நாச்சியார் வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளைக்கு மூன்றாம் வயதில் மலைச்சாத்தன் கோயிலில் வைத்து வலது மேல்காதைக் குத்தி வளையம் போடுவது நெல்லிமலை வழக்கம். குழந்தைக் காது இளசு, தாழம்பூ மடல் மாதிரி குத்து வாங்கிக்கொள்ளும், ஆறிவிடும். சிவனணைஞ்சானுக்குக் குத்தியது போன தை மாதம், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. பின்தெருச் செண்பகத்தின் மகன் அவன். பழைய தேவர் மாலை நேரங்களில் பின்தெருவுக்கு வருவார், வெற்றிலை போடுவார், போவார். ஊருக்கெல்லாம் தெரியும், யாரும் சொல்வதில்லை. உண்மையில் பார்த்தால் வீரபாகுவுக்கு இவன் ஒரு வயசு மூப்பு. வீரபாகுவுக்குக் காது குத்தினபோது வெல்லத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவனே இவன்தான், அந்தப் பிள்ளை வீறிட்டு அழுததில் தட்டு கைநழுவியது மட்டும் நினைவிருக்கிறது, வெல்லத்தில் மண் ஒட்டியதும், யாரோ மண்டையில் குட்டியதும். சர்தார் பிணை கேட்டபோது அரண்மனையில் சொந்தத் தம்பி என்று கொடுக்க ஆள் இல்லை, இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆளை அனுப்பிப் பின்தெருவிலிருந்து இவனை அழைத்துவந்து, குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, ஒரே நாளில் தம்பியாக்கிவிட்டார்கள். குத்த வந்தவனுக்கு முதலில் ஊசி இறங்கவில்லை. குருத்தெலும்பு முற்றிப்போச்சு சாமி என்று அவன் தேவரைப் பார்த்துச் சொன்னான். இறக்கு என்றார் தேவர். அத்தனை அவசரத்திலும் யாருக்கும் தோன்றவில்லை, முற்றின காதில் குத்தின குத்து சீக்கிரத்தில் ஆறாது, ஆறாத குத்து சர்தாரின் ஆட்கள் கண்ணில் படும் என்று. அரண்மனையில் காரியம் எல்லாம் இப்படித்தான் நடக்கும். வளையத்தை மாட்டிவிட்டார்கள், அத்தோடு பிறப்பும் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவனும்தான் நினைத்துக்கொண்டான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சர்தாரின் ஆட்களுக்கு முன்னால் தேவர் அவனைக் கட்டிப்பிடித்தார். தோளில் முகத்தை வைத்து, தைரியமா இருடா தம்பி என்றார். முன்னாலேயே சொல்லிவைத்தபடி இவனும், சரி அண்ணாச்சி என்றான். பிறந்ததிலிருந்து அரசே, சாமி என்று கூப்பிட்ட வாய். அண்ணாச்சி என்றதும் இவன் கை தானாக அவர் முதுகை இறுக்கிக்கொண்டது, நடிப்பில் அது சேர்த்தி இல்லை. தேவரின் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதுவும் நடிப்புதானா. இங்கே வந்ததிலிருந்து அவன் அந்த ஒரு கண்ணீரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று ஒரு சமயம் தோன்றும். வெயில் அவர் முதுகுப்பக்கம் அல்லவா இருந்தது என்று அடுத்த நிமிஷம் தோன்றும். இரத்தம் இரத்தம்தானே, பாதி இரத்தமென்றாலும் கட்டிப்பிடித்தால் தெரியாதா. அவர் மாறமாட்டார். மாறினால் என் தலை போகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். போனால் போகட்டும் என்கிற தலையைத்தான் கொடுத்தார். சர்தாரிடம் நானே போய், சாமி, நான் அவருக்குச் சொந்தத் தம்பி இல்லை, இந்தத் தலைக்கு அங்கே விலை கிடையாது, இதை நம்பி இராதீர்கள் என்று சொல்லிவிட்டால்? ஏமாற்றினாயே என்று அங்கேயே வெட்டுவார். சொல்லாவிட்டால் அண்ணாச்சி மாறுகிற அன்றைக்கு வெட்டுவார். இரண்டு பக்கமும் ஒரே கத்திதான், நாள்தான் வேறே. அப்படியும் அவன் சொல்லாமல் இருந்தது பயத்தினால் மட்டும் இல்லை. சொல்லிவிட்டால் அந்தக் கண்ணீர் பொய் என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

காற்று திரும்பியிருக்க வேண்டும். திடீரென்று கொட்டு பக்கத்தில் கேட்டது, அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம் எழும்பியது, நீளமாக, வளைந்து, கீழே இறங்கி. கொம்பு. கொம்பு நின்றதும் சங்கு. சிவனணைஞ்சான் எழுந்து உட்கார்ந்தான். நெல்லிமலையில் சாவுக்குக் கொம்பும் சங்கும் சேர்வதென்றால் அது மேல்காது குத்தின வீட்டுச் சாவு. மற்றவர்களுக்கு வெறும் கொட்டுதான். தங்கச்சி வள்ளியம்மை வைசூரியில் போனபோது பின்தெருவுக்கு ஒரே ஒரு ஆள் பறையோடு வந்தான், கொஞ்ச நேரம் தட்டினான், மேலத்தெருவில் இன்னொரு சாவு இருக்கிறது என்று போய்விட்டான். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, அதுக்குள்ள போயிட்டானா என்று கேட்டாள். அவளுக்கு மகள் செத்ததைவிட அதுதான் பெரிதாகப் பட்டதோ என்று அன்றைக்கு அவள்மேல் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. கொம்பு மறுபடியும் ஊதியது. யார்? பழைய தேவர் எப்போதோ போய்விட்டார். வீரபாகுவுக்கு ஆண்பிள்ளை இன்னும் இல்லை. வீரபாகுவைப் பெற்ற பெரிய நாச்சியாருக்குக் கொம்பு கிடையாது, பெண்ணுக்குச் சங்கு மட்டும். அப்படியானால் அந்த வீட்டில் மேல்காது குத்தினவர் என்று மிச்சம் இருப்பது ஒரே ஆள். அண்ணாச்சி. யாரோ கொன்றிருக்கிறார்கள். கோட்டைக்காரன்தான். படைக்கு நெல் கொடுத்ததற்காக, வாக்கு மாறாமல் இருந்ததற்காகக் கொன்றிருக்கிறான். வைக்கோல் வராதது அதனால்தான். படை கிளம்புவது அதனால்தான். அவர் மாறவில்லை. எனக்காகத்தான் மாறாமல் இருந்தார், அதனால் செத்தார், நான் இங்கே உட்கார்ந்து அந்தக் கண்ணீரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப்போனது. பொருந்தினதில் துக்கத்துக்கு நடுவே ஒரு நிம்மதியும் வந்தது, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். பங்காளி செத்தால் கேட்ட இடத்திலேயே தலைமுழுக வேண்டும். மூலையில் இருந்த மண்குடத்தை எடுத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் அத்தனையையும் தலையில் கவிழ்த்துக்கொண்டான். காதில் தண்ணீர் பட்டுக் கண்ணில் பூச்சி பறந்தது. ஈர வேட்டியோடு கம்பளத்தில் உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அழுதான். காவல்காரன் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

துபாஷி மீரா நயினா உள்ளே வந்தபோது அவன் இன்னும் ஈரமாகத்தான் இருந்தான். காயல் பக்கத்து ஆள். சர்தார் பேசுகிறதைத் தமிழாக்கவும், தமிழில் பேசுகிறதைச் சர்தாருக்குச் சொல்லவும் படையோடு திரிகிறவர், தன் பேச்சாக நாலு வார்த்தை பேச ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுகிறவர். இன்றைக்கு அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவருக்குப் பின்னாலேயே ஆட்கள் வந்து கூடாரத்தின் முளைக்கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். என்ன இப்படி நனைஞ்சு கிடக்கீரு என்று கேட்டார். கொம்பு கேட்குதே, அண்ணாச்சி போயிட்டாரு இல்லையா, யார் கொன்னது என்று இவன் கேட்டான். துபாஷி அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கம்பளத்தின் ஓரத்தில், காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"உங்க அண்ணாச்சி கல்லு மாதிரி இருக்காரு. ராத்திரியே கோட்டைக்காரரோட தாம்பூலம் மாத்திக்கிட்டாரு. அந்தக் கொட்டு உமக்குத்தான்வே."

கூடாரத்தின் ஒரு பக்கத் துணி சரிந்து விழுந்தது. வெளிச்சம் உள்ளே வந்தது. துபாஷி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார், ஒரு பேச்சை இன்னொரு பேச்சாக மாற்றிச் சொல்லிப் பழகின குரல் அது, எதுவும் ஒட்டாமல். காரணம் இல்லாமல் பக்கம் மாறினால் நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள் அல்லவா, அதனால் பிணைக்குப் போன தம்பியைச் சர்தார் கொன்றுவிட்டார் என்று வீரபாகுத் தேவர் பறையறைந்து அறிவித்திருக்கிறார். இரத்தப்பழி, இனி வாக்கு செல்லாது என்று கோட்டைக்காரர் முன்னால் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறார். மூன்று பாளையமும் ஒன்றாகிவிட்டது, நெல் வழி அடைபட்டுவிட்டது, ஆற்றுவழியும் அடைபடுவதற்குள் படை வடக்கே திரும்புகிறது. சிவனணைஞ்சான் கேட்டுக்கொண்டிருந்தான். வார்த்தை எல்லாம் புரிந்தது. அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார் என்று முதலில் ஒரு ஆறுதல் வந்தது, வெட்கங்கெட்ட ஆறுதல். அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. கண்ணீர் பொய். இத்தனை நாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது கூழாங்கல். அப்படியென்றால் கொம்பு? தனக்கா கொம்பு ஊதுகிறார்கள்? பின்தெரு செண்பகத்தின் மகனுக்கா சங்கு? ஊரே கேட்டிருக்கும், மேலத்தெரு கேட்டிருக்கும். அம்மா.

"எங்க அம்மா?" என்றான்.

"ஒரு வயசான பொம்பளையை முன்வாசல்ல, பந்தலுக்குக் கீழ உக்கார வச்சிருக்காங்கன்னு நம்ம ஆளு பார்த்துட்டு வந்து சொன்னான். பெரிய நாச்சியாரே வந்து கட்டிப்பிடிச்சு அழுதாங்களாம்."

முன்வாசல் வழியாக அம்மா அந்த அரண்மனைக்குள் போனதே இல்லை. நெல் குத்தப் போனாலும், பிள்ளைப்பேறு பார்க்கப் போனாலும் தொழுவத்துப் பக்கம்தான். பந்தலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருப்பாள். பெரிய நாச்சியாரின் பட்டுச் சேலை மேலே படுகிறதே என்று ஒதுங்கியிருப்பாள். எதிரே கொம்புக்காரன் நிற்பான், போகமாட்டான், எரிக்கிற வரைக்கும் போகக் கூடாது என்று உத்தரவு இருக்கும். எரிக்க என்ன வைத்திருக்கிறார்கள்? வைக்கோல் பொம்மையாக இருக்கும். மகன் இங்கே ஈர வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறான் என்று அவளிடம் யார் சொல்வது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால்? செத்தவன் திரும்பி வந்தால் தேவர் சத்தியம் பொய்யாகும், முன்வாசலில் கால் வைக்குமுன் வெட்டிவிடுவார்கள், கொட்டை நிறுத்திவிடுவார்கள், அவளைப் பாயிலிருந்து எழுப்பி, தொழுவத்து வழியாக வெளியே அனுப்புவார்கள். அதுக்குள்ள போயிட்டானா என்று அவள் கேட்பாள்.

துபாஷி குரலைத் தாழ்த்திக்கொண்டார். சர்தார் முதலில் வெட்டத்தான் சொன்னாராம், வெட்டினால் தேவர் சொன்ன பொய் மெய்யாகிவிடும் என்று இவர்தான் தடுத்தாராம். போகிற வழியில் இன்னும் பாளையங்கள் இருக்கின்றன, பிணைக்கு வந்தவனைக் கொன்ற படை என்று அவர்களும் திரும்பிக்கொண்டால் ஆற்றைத் தாண்ட முடியாது. இதோ பாருங்கள், நெல்லிமலைத் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்கு ஊர் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆற்றைத் தாண்டின பிறகு என்று இவன் கேட்டான். அப்புறமும் வடக்கேதான், விடமாட்டார் என்றார் துபாஷி. சொல்லிவிட்டு எழுந்திருக்காமல், விரலால் கம்பளத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லும். இந்தக் காது குழந்தையில குத்தினது இல்லைன்னு நாவிதன் அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டான். நான்தான் சர்தார் காதுக்குக் கொண்டுபோகலை. நீரு அவருக்குத் தம்பி இல்லைன்னா இப்பவே சொல்லிரும். உம்மால எங்களுக்குப் பிரயோசனம் இல்லைன்னு சொல்லி, இங்கேயே விட்டுட்டுப் போக நானாச்சு. நெல்லிமலைக்குப் போகவேண்டாம், தெற்கே போய் எங்கேயாவது பிழைச்சுக்கிடும். உம்ம அம்மாவுக்கும் ஒரு நாள் ஆளு விட்டுச் சொல்லலாம்."

நடுக்கம்பத்தைச் சாய்த்தார்கள். துணி முழுக்கக் கீழே இறங்கியது, அதைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இத்தனை நாளாக அவனை அடைத்துவைத்திருந்தது இவ்வளவுதான், இரண்டு ஆள் தூக்குகிற துணி. நாலு பக்கமும் வெட்டவெளி. தெற்கே பனங்காடு, அதைத் தாண்டி ஒத்தையடிப் பாதை. எழுந்து நடந்தால் போதும். உண்மையைச் சொன்னால் போதும், பிறந்ததிலிருந்து அவனோடு இருக்கிற உண்மை, அதற்காக மண்டையில் குட்டு வாங்கின உண்மை. நான் தம்பி இல்லை. சொல்லச் சுலபம், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. அவன் வாயைத் திறந்தான். மேலே கொம்பு ஊதியது. நீளமாக, வளைந்து, கீழே இறங்கியது, அது நின்ற இடத்தில் சங்கு எழுந்தது. தனக்காக. காது தெறித்தது. தெறிக்கிற காதை அவன் கையால் பொத்திக்கொண்டான், நாவிதன் தொடக் கூடாது என்று சொல்லியும்.

"தம்பிதான்," என்றான். "நான் அவருக்குத் தம்பிதான்."

உம்ம இஷ்டம் என்று சொல்லி, துபாஷி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அவனை வைக்கோல் இல்லாத வைக்கோல் வண்டியில் ஏற்றினார்கள். கையைக் கட்டினார்கள், இறுக்கமாக இல்லை, பார்க்கிறவர்களுக்கு மரியாதையாக இருக்கும்படி பட்டுத்துணியால் கட்டினார்கள். மலை தெரியும்படி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். முன்னாலும் பின்னாலும் படை பசித்த மாடுகளை அடித்துக்கொண்டு நகர்ந்தது. வண்டி உருள உருள முதலில் சங்கு கேட்காமல் போனது. அப்புறம் கொட்டு. கொம்பு மட்டும் இருந்தது, இருக்கிறதா, அல்லது காதுக்குள்தான் ஊதுகிறதா என்று பிடிபடவில்லை. சக்கரம் கடகடவென்று எல்லாவற்றையும் மூடியது. மூச்சை அடக்கிக் கேட்டுப் பார்த்தான். வண்டியைக் கொஞ்சம் நிறுத்துமய்யா, சத்தம் கேட்கலை என்றான். வண்டிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. அவசரப்படுத்துகிறான் என்று நினைத்து மாட்டை இன்னும் ஒரு தட்டுத் தட்டினான்.